எப்படி இயங்குகிறது? அண்டாக் குழாயும் கார் பேட்டரியும்

சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. ஹெட்லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ரேடியோ பாடுகிறது, ஆனால் எஞ்சின் அசைய மறுக்கிறது. "லைட்டெல்லாம் நல்லாத்தானே எரியுது, அப்புறம் எப்படிங்க பேட்டரி போயிருக்கும்?" என்று மெக்கானிக்கிடம் கேட்காத கார்க்காரர்கள் குறைவு. நியாயமான கேள்வி அது. அதற்கு விடை தெரிந்துவிட்டால் புது பேட்டரி எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது, மாட்டிய பிறகு எங்கே கை வைத்துப் பார்ப்பது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

விடையைச் சமையலறையிலிருந்தே எடுக்கலாம். அடியில் குழாய் வைத்த அண்டா ஒன்று மேடைமேல் இருக்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது அதை நிரப்பி வைக்கிறோம். வேண்டும்போது அடிக்குழாயைத் திறந்து பிடித்துக்கொள்கிறோம். இந்த அண்டாவில் அளக்க வேண்டியவை மூன்று. எத்தனை குடம் கொள்ளும், தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அடிக்குழாயின் வாய் எவ்வளவு அகலம். பேட்டரியில் முதலாவது ஆம்பியர்-மணி, கடைக்காரர் பேச்சில் ஏ.ஹெச். இரண்டாவது வோல்ட். மூன்றாவதை வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கார் பேட்டரிக்கு உயிர்நிலையே அந்த மூன்றாவதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ போன்ற சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஹெட்லைட் பல்பு ஒன்று 5 ஆம்பியர் அளவில் இழுக்கும். நம் டிரைவர்கள் 'செல்ஃப்' என்று சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார், நின்றுகிடக்கும் எஞ்சினைச் சுற்றிவிட 150 ஆம்பியர் வரை கேட்கும், முதல் உதையில் அதற்கும் மேலே. ஆனால் அந்த வேலை இரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது. 150 ஆம்பியரை இரண்டு நொடிக்குக் கொடுத்தால் செலவாவது 0.08 ஆம்பியர்-மணி. மொத்தக் கொள்ளளவில் நானூறில் ஒரு பங்குதான்.

ஆக, செல்ஃப் அடிக்க அண்டா நிறையத் தண்ணீர் தேவையில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் போதும், ஆனால் அது ஒரே கணத்தில் கொட்ட வேண்டும். குழாய் வாய் அடைத்துப்போன அண்டாவில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது நடக்காது. சொட்டுச் சொட்டாக டம்ளரில் பிடிக்கிறவருக்கு மட்டும் குறை தெரியாது. ஹெட்லைட் அப்படிப்பட்ட டம்ளர்க்காரர். லைட் எரிவதை வைத்து பேட்டரி நலம் என்று முடிவு கட்டக் கூடாது என்பது இதனால்தான்.

அந்த டக் டக் சத்தமும் இதில் சேர்ந்ததே. சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாரின் தலையில் உள்ள காந்தச் சுவிட்சு பிடிக்கிறது. மோட்டார் பெருமளவு மின்சாரத்தை இழுக்க, வாய் குறுகிய பேட்டரியில் வோல்ட் சட்டென்று சரிகிறது. சரிந்ததும் காந்தம் பிடியை விடுகிறது. விட்டதும் வோல்ட் மீண்டும் ஏற, காந்தம் மறுபடி பிடிக்கிறது. நொடிக்குப் பல முறை இப்படிப் பிடித்து விடுவதைத்தான் நாம் டக் டக் என்று கேட்கிறோம்.

வாய் ஏன் அடைக்கிறது? இந்த பேட்டரியின் மூலவடிவத்தைப் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே 1859-ல் செய்தார். அடிப்படை இன்றும் அதேதான்: ஈயத் தகடு, ஈய டையாக்சைடு பூசிய தகடு, இரண்டும் மூழ்கியிருக்கும் கந்தக அமிலம். இப்படியொரு ஜோடி அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு அறைகளை வரிசையாக இணைத்தால் 12.6. இந்த இடத்தில் அண்டா உவமை கொஞ்சம் விலகுகிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். அண்டாவில் ஊற்றிய தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். பேட்டரிக்குள் மின்சாரம் மின்சாரமாகக் கிடப்பதில்லை. மின்சாரம் எடுக்கும்போது அமிலத்தின் சல்பேட் இரண்டு தகடுகளிலும் ஒட்டி ஈய சல்பேட் ஆகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது சல்பேட் தகட்டை விட்டு அமிலத்துக்குத் திரும்புகிறது.

திரும்ப வேண்டியது திரும்பாமல் தங்கிப்போவதுதான் கோளாறு. புதிதாக ஒட்டிய சல்பேட் நுண்ணிய துகள், சார்ஜ் ஏறினால் கரைந்துவிடும். பாதி வற்றிய பேட்டரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால் அது கெட்டிப் படிகமாக இறுகுகிறது. போர் தண்ணீர் ஊற்றும் அண்டாவில் குழாய் வாய் வெள்ளைக் காறை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கும். தண்ணீர் மட்டம் உயரமாகத்தான் நிற்கும், வழிதான் இல்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.5 வோல்ட் காட்டும், செல்ஃப் அடித்தால் 8-க்குப் படுத்துவிடும். குழாயைத் திறக்காமல் மட்டத்தை மட்டும் பார்ப்பது பாதிச் சோதனை.

இதனால்தான் கார் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகளை நிறைய அடுக்குகிறார்கள். அமிலம் தொடும் பரப்பு கூடக் கூட வாய் அகலமாகும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் தகடுகள் தடிமனாக இருக்கும். அது பல மணி நேரம் நிதானமாகக் கொடுக்கப் பிறந்தது. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் வாங்குவது இரண்டுக்குமே கேடு. கார் பேட்டரியை அடிமட்டம் வரை வற்றவிட்டு வற்றவிட்டு ஏற்றினால், அந்த மெல்லிய தகடுகளின் பூச்சு உதிர்ந்து வெகு சீக்கிரம் முடிந்துவிடும்.

நம் ஊரில் இதோடு வெயிலும் சேருகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையின் பொதுக் கணக்கு. பானட்டுக்குள் எஞ்சின் சூடும் மே மாத வெயிலும் கூடும் இடத்தில் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. குளிர்நாட்டில் அதே பேட்டரி இன்னும் சில ஆண்டு கூடுதலாக உழைத்தால் நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

சரி, மாற்றத்தான் வேண்டும். கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. எப்படியாவது காரை ஸ்டார்ட் செய்து, ஓடும்போது பேட்டரிக் கம்பங்களில், அதாவது டெர்மினல்களில், மல்டிமீட்டரை வையுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான் அண்டாவை நிரப்பும் தெருக்குழாய், பட்டறைகளில் அதை இன்னும் டைனமோ என்றே சொல்வார்கள். மீட்டர் 12.5 காட்டினால் தெருக்குழாயிலேயே தண்ணீர் வரவில்லை என்று பொருள். புது அண்டா வாங்கி வைத்து என்ன பயன்? அதுவும் இரண்டே நாளில் வற்றும். மீட்டர் இல்லாத சிலர் ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றி "ஆஃப் ஆகலை பாருங்க, டைனமோ ஓகே" என்பார்கள். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பேட்டரி விலகிய அந்தக் கணத்தில் வோல்ட் பல பத்துகளுக்கு எகிறும். ஈ.சி.எம். என்னும் எஞ்சின் கணினி அதில் போய்விட்டால் அந்தச் செலவில் பல பேட்டரிகள் வாங்கலாம்.

கடையில் வாங்குவதா, கார் கம்பெனி ஷோரூமில் வாங்குவதா என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. பொதுவாகக் கார் கம்பெனிகள் இந்த வகை பேட்டரியைத் தாங்களே செய்வதில்லை, பேட்டரி கம்பெனிகளிடம் வாங்கித்தான் பொருத்துகின்றன. நல்ல கம்பெனித் தயாரிப்பாக இருந்து அளவும் வகையும் பொருந்தினால் வெளியே வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. பொருத்தம்தான் முக்கியம், அதைப் பழைய பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கிறார்கள்.

38பி20எல் என்று ஒரு குறியீடு இருக்கும். இது ஜப்பானிய முறை. 38 என்பது திறனைக் குறிக்கும் வரிசை எண். பி என்பது பெட்டியின் அகல உயர வகை. 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கம்பங்கள் இரண்டும் உங்கள் பக்கம் இருக்கும்படி பேட்டரியைத் திருப்பி வைத்துப் பாருங்கள். பாசிட்டிவ் வலக்கைப் பக்கம் வந்தால் எல், இடக்கைப் பக்கம் வந்தால் ஆர். மாற்றி வாங்கிவிட்டால் ஒயர் எட்டாது. எட்டாத ஒயரை எட்டும் கம்பத்தில் மாட்டிவிட்டால் பிளஸ் மைனஸ் தலைகீழாகி மெயின் ஃபியூசும் ஆல்டர்னேட்டர் டயோடும் போகும். பழைய பேட்டரியை மாட்டிய நிலையிலேயே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவது இந்த எழுத்துக் குழப்பத்தையெல்லாம் தீர்க்கும்.

அந்தக் குறியீட்டின் முடிவில் எஸ் என்று இன்னோர் எழுத்து சேர்ந்திருந்தால் கம்பம் தடிமன். எஸ் இல்லாத சின்ன பேட்டரியில் பாசிட்டிவ் கம்பம் 14.7 மில்லிமீட்டர், தடிமனான வகையில் 19.5. மெல்லிய கம்பத்தில் ஒயர் முனையின் பெரிய கிளாம்ப்பை மாட்டினால் ஆடும். ஆடாமல் இருக்கத் தகரத் துண்டைச் சுற்றி அடித்து இறுக்குவார்கள். வண்டி அன்றைக்கு ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் அகலமான குழாய் வாங்கி அதன் வாயில் துணியைச் சுருட்டி அடைத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கம்பத்தின் சுற்றளவு முழுவதும் தொட வேண்டிய கிளாம்ப் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தொடுகிறது.

சில பேட்டரிகளில் சி.சி.ஏ. என்று ஓர் எண் போட்டிருக்கும். நாம் தேடும் வாயகலம் அதுதான். மைனஸ் 18 டிகிரிக் குளிரில் 30 நொடிகள், 7.2 வோல்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்ற சோதனையின் அளவு அது. நமக்கு அந்தக் குளிர் இல்லை என்று ஒதுக்க வேண்டாம். இரண்டு பேட்டரிகளை ஒப்பிட அதைவிட நேர்மையான எண் வேறில்லை.

"அண்ணே, 35-க்குப் பதிலா 45 போட்டுக்கங்க, இனி தொந்தரவே இருக்காது" என்று கடையில் சொல்வார்கள். அதை எதிர்க்க "பெரிய பேட்டரியை இந்த டைனமோவால நிரப்ப முடியாதுங்க" என்று மெக்கானிக் சொல்வார். இரண்டும் முழு உண்மையில்லை. பெரிய அண்டா வைத்தாலும் தினம் மொண்டெடுக்கும் தண்ணீர் அதே அளவுதான், அதைத் தெருக்குழாய் ஈடுகட்டிவிடும். முழுக்க வற்றவிட்டால் மட்டுமே நிரம்பக் கூடுதல் நேரம் ஆகும். மற்றபடி வண்டியை நாட்கணக்கில் நிறுத்திவைப்பவருக்குப் பெரியது சற்றுக் கைகொடுக்கும். ஆனால் தட்டில் அது உட்காருமா, மேலே பிடிக்கும் இரும்புப் பட்டை எட்டுமா, பானட்டை மூடினால் கம்பத்துக்கும் பானட் தகட்டுக்கும் இடைவெளி இருக்குமா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. பாசிட்டிவ் கம்பம் பானட்டை உரசினால் தீப்பிடிக்கும். என் கருத்து, சிறிய காருக்கு கம்பெனி சொன்ன அளவே போதும்.

சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் எஞ்சின் உள்ள காராக இருந்தால், அதற்கென்று செய்த ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைதான் வேண்டும். சாதாரண பேட்டரி அந்த ஓட்டத்துக்குத் தாங்காது. வாரன்டி அட்டையில் எத்தனை மாதம் இலவச மாற்று, எத்தனை மாதம் விலைக்கழிவு மட்டும் என்று பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். கடை அலமாரியில் கிடக்கும்போதும் பேட்டரி தானாக வற்றும். 12.5-க்குக் கீழே காட்டினால் வேறொன்று கேளுங்கள்.

இனி மாட்டும் வேலை. பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்ற வேண்டும். ஏன் நெகட்டிவ்? காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடுதான் இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றப் போய், ஸ்பேனரின் மறுமுனை ஃபெண்டரிலோ எஞ்சினிலோ பட்டால் பேட்டரியின் இரண்டு முனையும் ஸ்பேனர் வழியாகச் சேர்ந்துவிடும். பல நூறு ஆம்பியர் பாயும், ஸ்பேனர் கையைச் சுட்டுவிடும், பொறி பறக்கும். பேட்டரி மேல் மூடியருகே ஹைட்ரஜன் வாயு தங்கியிருந்தால் வெடிக்கவும் செய்யும். நெகட்டிவ் கழன்றபின் ஸ்பேனர் எங்கே பட்டாலும் சுற்று முடியாது. கழற்றிய நெகட்டிவ் ஒயரைத் துணியில் சுற்றி ஒதுக்கிவிட்டுப் பாசிட்டிவுக்குப் போங்கள். புதிய சில கார்களில் நெகட்டிவ் கிளாம்பிலேயே சின்ன சென்சார் பெட்டி ஒட்டியிருக்கும். அதைப் பிடித்து நெம்பக் கூடாது.

பட்டையைக் கழற்றி, பத்து கிலோவை ஒட்டிய அந்த எடையைச் சாய்க்காமல் தூக்குங்கள். கம்பத்திலும் கிளாம்பிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்து பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். நுரை நின்றால் அமிலம் தீர்ந்தது என்று அர்த்தம். தட்டையும் அதே தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டு, உலர விடுங்கள்.

அடுத்தது கிளாம்பின் உட்புறம். அவசரத்தில் பலர் விட்டுவிடும் இடம் இதுதான், புது பேட்டரி போட்டும் 'டக்' சத்தம் போகாததற்குப் பல நேரம் இதுவே காரணம். உள்வளையத்தைப் பார்த்தால் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தெரியும். ஈயம் காற்றுபட்டு உண்டாக்கும் இந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உப்புத்தாளை விரலில் சுருட்டி உள்ளே விட்டுத் திருகித் திருகித் தேய்த்தால் சில நிமிடங்களில் வெள்ளி மினுக்கம் வரும். வளையம் முழுக்க அந்த மினுக்கம் வரும்வரை நிறுத்த வேண்டாம். அந்தப் படலத்தின் தடை வெறும் 0.01 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆம்பியர் இழுக்கும் லைட்டுக்கு அதில் இழப்பு 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 150 ஆம்பியர் கேட்கும் செல்ஃபுக்கோ 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். அண்டா புதிது, குழாயும் அகலம், ஆனால் குழாயில் சொருகிய டியூபில் காறை.

புது பேட்டரியைத் தட்டில் சரியாக உட்காரவைத்து, பட்டையை முதலில் இறுக்குங்கள். பேட்டரி தட்டில் ஆடினால் குழிக்குக் குழி தகட்டுப் பூச்சு உதிரும். பிறகு பாசிட்டிவ், கடைசியாக நெகட்டிவ். கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை, காரணம் அதேதான். பாசிட்டிவ் கம்பம் நெகட்டிவைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும், எனவே கிளாம்ப் எதில் பொருந்துகிறது என்பதே ஒரு சோதனை. கிளாம்ப் கம்பத்தின் அடிவரை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் கிளாம்பை விரித்துவிடுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். தட்டினால் கம்பத்தைச் சுற்றியுள்ள அடைப்பு விரிசல் விட்டு அமிலம் கசியும். கையால் திருகிப் பார்த்தால் அசையக் கூடாது, அவ்வளவு இறுக்கம் போதும். ஈயம் மென்மையான உலோகம், மேற்கொண்டு முறுக்கினால் நசுங்கும். இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலைன் தடவி, பாசிட்டிவின் சிவப்பு மூடியை மூடிவிடுங்கள்.

பக்கத்தில் யாராவது இருந்தால் கடைசியாக ஒரு சோதனை செய்யலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பத்தின் ஈயத்திலும் மறுமுனையை அதே கம்பத்தின் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, "தம்பி, செல்ஃப் அடி" என்று சொல்லுங்கள். மீட்டர் 0.1 வோல்டைத் தாண்டாமல் இருந்தால் உப்புத்தாள் வேலை நன்றாக நடந்திருக்கிறது. 0.5 காட்டினால் கழற்றி மறுபடி தேயுங்கள். பிறகு பேட்டரியின் இரண்டு கம்பங்களிலும் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். புது பேட்டரி 10 வோல்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். 9.6-க்குக் கீழே போனால் கடைக்காரரிடம் திரும்பிப் போவது உங்கள் உரிமை.

பேட்டரி மாற்றிய பிறகு கடிகாரம் பூஜ்யத்தில் நிற்கும், சில கார்களில் பவர் விண்டோ தானாக ஏறுவது மறந்துபோகும், ஐடிலிங் சற்று நேரம் ஏறி இறங்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடும்.

இனி கசிவு. பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், கணினி, கடிகாரம் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் அளவில் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர்-மணி. இருபது நாள் ஊரில் இல்லாவிட்டால் 14 போய்விடும், 35-ல் பாதியை நெருங்குகிறது. நிறுத்தினாலும் ஓடும் டேஷ்கேமரா மாட்டியிருந்தால் இரண்டு மூன்று நாளே அதற்குப் போதும். அப்படி வற்றிய பேட்டரியை ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டு பத்து நிமிடம் தெருவைச் சுற்றினால் நிரம்பாது. நெடுஞ்சாலையில் சில மணி நேரம் ஓட்ட வேண்டும், அல்லது சார்ஜரில் ஓர் இரவு போட வேண்டும். நீண்ட நாள் வெளியூர் போகிறவர்கள் நெகட்டிவை மட்டும் கழற்றிவைத்துவிட்டுப் போவது நல்லது.

பழைய பேட்டரியை என்ன செய்வது? அதன் எடையில் பாதிக்கும் மேலே ஈயம். ஈயம் இருப்பதால்தான் புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு கடைக்காரர் அதைக் கேட்டு வாங்குகிறார். காயலான் கடையில் கொஞ்சம் கூடுதல் பணம் கிடைக்கலாம். அங்கிருந்து அது பெட்டியை உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் ஈயம் உருக்கும் இடத்துக்குப் போக வாய்ப்பு உண்டு. அந்தப் புகை படியும் மண்ணில் விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், கெடுத்ததைச் சரிசெய்யவும் முடியாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரட்டி முறையான மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன. அந்தச் சங்கிலி தொடங்குவது புது பேட்டரி வாங்கிய கடையில்தான். ஆகவே பழையதை நிமிர்த்திய நிலையிலேயே டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்து எடுத்துப் போய் அந்தக் கடையிலேயே கொடுங்கள், கழித்த தொகையை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.